ஒரு டன் கினோவாவுக்குள் ஒரு மூட்டை யூரியா

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கத்து ஆர்கானிக் கடைகளில் தினை, சாமை, வரகு அடுக்கியிருக்கும் அதே தட்டில் இப்போது கினோவாவும் இடம்பிடித்துவிட்டது. கினோவா உப்புமா, கினோவா பொங்கல், கினோவா அடை என்று சமையல் குறிப்புகள் பெருகிவிட்டன; சர்க்கரை நோயாளிகளுக்கும் உடம்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கும் அரிசிக்கு மாற்றாக இதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்தத் தானியத்தைப் பற்றி இரண்டு பெருமைகள் ஒன்றாகவே சொல்லப்படுகின்றன. ஒன்று, இதில் புரதம் அதிகம். மற்றொன்று, வறண்ட நிலத்திலும் உவர் மண்ணிலும் உரம் எதுவும் கேட்காமல் வளரும். முதலாவது உண்மை. இரண்டாவதில் பாதி உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது கணக்கு இடிக்கிறது. புரதம் என்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், இல்லாமல் கட்ட முடியாத பொருள். அது தானியத்தில் நிறைய இருக்கிறதென்றால், எங்கோ ஒரு வயலிலிருந்து நிறையவே போயிருக்க வேண்டும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலின்படி, 100 கிராம் கினோவாவில் சுமார் 13 கிராம் புரதம் உண்டு. புரதத்தின் எடையை 6.25-ஆல் வகுத்தால் அதிலுள்ள நைட்ரஜன் கிடைக்கும். உணவு ஆய்வகங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் வாய்ப்பாடு இது. அப்படியானால் ஒரு டன் கினோவா தானியத்தில் 131 கிலோ புரதம், அதற்குள் 21 கிலோ நைட்ரஜன். நம் ஊரில் விற்கும் யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20.7 கிலோ. ஆக, ஒரு டன் கினோவா லாரியில் ஏறிப் போகும்போது ஒரு மூட்டை யூரியாவின் முழுச் சத்தும் அந்த நிலத்தை விட்டுப் போகிறது. இது தானியத்தில் இருப்பது மட்டும்தான். தண்டு, இலை, வேர் இவற்றைக் கட்டவும் செடிக்குத் தழைச்சத்து வேண்டும்.

அது எங்கிருந்து வருகிறது? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் உளுந்தும் துவரையும் செய்வதுபோல வேர் முடிச்சுகளில் பாக்டீரியாவைக் குடிவைத்து அதைப் பிடித்துக்கொள்ளும் வசதி கினோவாவுக்கு இல்லை. புல் வகைத் தானியமும் அல்ல இது; பீட்ரூட், தண்டுக்கீரை, நம் ஊர்ச் சக்கரவர்த்திக் கீரை இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கீரைக் குடும்பத்துக்கே உரிய பசி இதற்கும் உண்டு. மண்ணில் கரைந்திருக்கும் நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் வேர் உறிஞ்சுகிறது. நைட்ரேட் பெரும்பாலும் இலைக்குப் போய் அங்கே அம்மோனியமாக மாற்றப்பட்டு, அமினோ அமிலமாகி, புரதமாகிறது. அந்தப் புரதத்தில் பெரும்பங்கு ரூபிஸ்கோ என்ற நொதிக்குப் போகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மாவுச்சத்து செய்யும் வேலையைத் தொடங்கிவைப்பது இந்த நொதிதான். ஆகவே தழைச்சத்து கிடைத்தால் இலை பெருகும், பச்சை ஏறும், வெயிலை உணவாக்கும் திறன் கூடும். பூங்கதிர் கிளைக்கும் நேரத்தில் செடி இப்படி வளமாக இருந்தால் அதிகப் பூ நிலைத்து அதிக மணி பிடிக்கிறது. மணி முற்றும் காலத்தில் இன்னொரு நடமாட்டம்: இலையில் சேர்ந்திருந்த புரதம் உடைந்து, அதன் நைட்ரஜன் கதிருக்கு ஏறுகிறது. அறுவடை நெருங்கும்போது கீழிலைகள் பழுத்து உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதை வயலில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வொன்று கினோவா, தானியத் தண்டுக்கீரை, பக்வீட் மூன்றையும் அருகருகே விதைத்து, தழைச்சத்தை ஹெக்டேருக்கு 120 கிலோ வரை ஏற்றிப் பார்த்தது. கினோவாவின் மகசூல் 1,790 கிலோவிலிருந்து 3,495 கிலோ வரை உயர்ந்தது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உயர்வு பெரும்பாலும் மணிகளின் எண்ணிக்கையில் வந்தது. பக்வீட் அசையவில்லை, உரம் கூடினால் சாய்ந்துதான் போனது. அந்த ஆய்வின் இன்னொரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: கினோவாச் செடி உறிஞ்சிய ஒவ்வொரு கிலோ நைட்ரஜனுக்கும் ஏறக்குறைய 22 கிலோ தானியம் கொடுத்தது. உரம் கூடியபோதும் அந்த விகிதம் சரியவில்லை. அதாவது 120 கிலோவிலும் செடிக்கு வயிறு நிறைந்துவிடவில்லை. டென்மார்க்கில் 1990-களில் நடந்த சோதனைகளில் 160 கிலோ போட்ட வயலைவிட 40 கிலோ போட்ட வயல் சுமார் 24 சதவீதம் குறைவாக விளைந்தது. ஐரோப்பாவைவிட நம் வெயிலுக்கு நெருங்கிய பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் 75 கிலோ அளவே நல்ல பலன் தந்தது. அதற்கு மேல் போட்டதில் பெரிய லாபமில்லை. ஊருக்கு ஊர் எண் மாறுகிறது. ஆனால் உரமே வேண்டாம் என்று எந்த ஊரின் எண்ணும் சொல்லவில்லை.

இங்கே வாசகருக்கு ஒரு நியாயமான சந்தேகம் எழும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆண்டிஸ் மலை மக்கள் யூரியாவைக் கண்ணால் பார்க்காமலே கினோவா விளைவித்தார்களே? விளைவித்தார்கள்தான். தென் பொலிவியாவின் உயர்பீடபூமியில், ஊயூனி உப்பளத்தைச் சுற்றி, ஆண்டுக்கு 150 முதல் 300 மில்லிமீட்டர் மழையில், உறைபனிக்கு நடுவே இது விளைகிறது. அங்கே வேறு தானியங்கள் நிற்பது அரிது. ஆனால் அங்கே கிடைத்த மகசூல் ஹெக்டேருக்கு அரை டன், சற்றே மேல். அந்த அரை டன்னுக்கும் விலை கொடுக்கப்பட்டது. நிலத்தைப் பல ஆண்டுகள் தரிசாகப் போட்டார்கள். லாமா மந்தைகளின் சாணத்தை வயலுக்குச் சேர்த்தார்கள். நம் கரிசல் சீமையில் ஆட்டுக்கிடை போடுவதும் இதே தர்க்கம்தான்: பரந்த மேய்ச்சல் நிலத்தில் சிதறிக் கிடக்கும் தழைச்சத்தை விலங்கின் வயிற்றில் ஏற்றி ஒரு சிறு வயலில் இறக்குவது. வறண்ட மண்ணில் உயிரோடு நிற்பது ஒரு திறமை, அங்கே நிறைய விளைவது வேறொரு காரியம். கினோவாவுக்கு முதலாவது உண்டு. விளம்பரங்கள் அதைக் காட்டி இரண்டாவதையும் விற்கின்றன.

உலகச் சந்தை இந்தத் தானியத்தைக் கண்டுகொண்டபோது அந்தப் பழைய ஏற்பாடு எப்படி ஆட்டம் கண்டது என்பது தனிக் கதை. 2013-ஐ ஐ.நா. சபை சர்வதேசக் கினோவா ஆண்டாக அறிவித்தது. விலை உச்சிக்குப் போனது. அதற்கு முன்பே லாமா மேய்ந்த சமவெளிகள் டிராக்டர் உழவுக்கு மாறியிருந்தன, தரிசுக் காலம் சுருங்கியிருந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஸ்வென்-எரிக் யாக்கோப்சன் 2011-இல் இதைச் சுற்றுச்சூழல் பேரழிவு என்றே எழுதினார். அடுத்த ஆண்டே தியெரி விங்கெல் முதலான ஆய்வாளர்கள், அந்தத் தீர்ப்புக்குப் போதிய சான்று இல்லை என்று மறுத்தார்கள். பேரழிவு என்ற சொல் மிகை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் சாணமும் தரிசும் குறைந்து, தானியம் மட்டும் கப்பலேறினால் மண்ணின் இருப்பு குறைந்துதான் ஆக வேண்டும். இது கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லாத கூட்டல் கழித்தல்.

2014-இல் பெரு நாடு ஒரே ஆண்டில் தன் உற்பத்தியை இரண்டு மடங்குக்கும் மேலாக்கி 1,14,000 டன்னைத் தொட்டது. அந்தத் தாவல் பெரும்பாலும் பாரம்பரிய மலைப்பகுதியில் நிகழவில்லை. அரெகிபா போன்ற கடலோரப் பகுதிகளின் பாசன நிலங்களில் நிகழ்ந்தது. மலையில் புனோ வட்டாரத்தில் ஹெக்டேருக்கு ஒரு டன் சொச்சம் விளைந்த அதே பயிர், அரெகிபாவில் நான்கு டன் விளைந்தது. இதை உரத்தின் வெற்றி என்று மட்டும் சொன்னால் தவறு. அங்கே தண்ணீர் தாராளம், உறைபனி இல்லை, தட்பவெப்பம் இதமானது. தண்ணீரில்லாத வேருக்கு நைட்ரேட் போய்ச் சேராது; எனவே நீரும் தழைச்சத்தும் தனித்தனியாக மகசூல் தருவதில்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் ஏறுகின்றன. ஆனால் நான்கு டன் தானியத்தில் 80 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் இருக்கிறது. மிதமான வெயிலும் சொட்டுநீரும் அதைப் படைத்துவிடாது. அது உரமாக அங்கே போடப்பட்டது. பூச்சிமருந்தும் கூடவே வந்தது. அதன் எச்சம் இருந்ததால் பெருவின் சரக்கு சில அமெரிக்கத் துறைமுகங்களில் திருப்பியனுப்பப்பட்டது.

நம் ஊருக்கு வருவோம். லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் கினோவாவை இருபது ஆண்டுகளுக்கு முன்பே பயிரிட்டு ஆராய்ந்தது. பின்னர் ஆந்திராவின் அனந்தபுரம், ராஜஸ்தானின் வறண்ட மாவட்டங்கள் என்று விவசாயிகளும் இதைப் போட்டுப் பார்த்தார்கள். தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் நெல்லுக்குப் பதிலாக இதைப் போட நினைத்தால் தழைச்சத்துக் கணக்கு எப்படி இருக்கும்? சீரான ஊட்டத்தில் வளரும் நெற்பயிர் ஒரு டன் நெல்லுக்குச் சுமார் 15 கிலோ நைட்ரஜன் உறிஞ்சுகிறது. ஜெர்மன் ஆய்வின் விகிதப்படி கினோவாவுக்கு ஒரு டன்னுக்கு 45 கிலோ. ஆக 90 கிலோ நைட்ரஜனைக் கொண்டு ஆறு டன் நெல் எடுக்கலாம், அல்லது இரண்டு டன் கினோவா எடுக்கலாம். ஆறு டன் நெல்லை அரைத்தால் ஏறக்குறைய நான்கு டன் அரிசி. அதில் புரதம் 6.8 சதவீதம் என்று கொண்டால் 272 கிலோ. இரண்டு டன் கினோவாவில் 262 கிலோ. எண்கள் தோராயமானவைதான், மண்ணுக்கு மண் மாறும். ஆனாலும் இரண்டும் இப்படி ஒட்டி நிற்பது தற்செயல் இல்லை. செடி எதுவானாலும் உறிஞ்சிய தழைச்சத்துக்கு ஈடாகத்தான் புரதம் கட்ட முடியும். அரிசியில் அது நிறைய மாவுச்சத்தோடு விரவிக் கிடக்கிறது, கினோவாவில் செறிந்து கிடக்கிறது. தட்டில் சோற்றைக் குறைக்க விரும்புபவருக்கு இந்தச் செறிவு பயன்படும். மண்ணுக்கு அதில் எந்த மிச்சமும் இல்லை.

சிறுதானியங்களோடு ஒப்பிடும்போது விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிறது. தினை, கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் சி4 என்ற வகையிலான ஒளிச்சேர்க்கை செய்பவை. கினோவாவும் நெல்லும் சி3. வெயில் ஏறும்போது சி3 இலையில் ரூபிஸ்கோ தடுமாறி, கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனையும் பிடித்து உழைப்பில் ஒரு பங்கை வீணாக்குகிறது. சி4 செடியோ அந்த நொதியைச் சுற்றிக் கரியமில வாயுவை அடர்த்தியாகக் குவித்துக் கொடுப்பதால் குறைந்த நொதியை வைத்தே அதிக வேலை வாங்குகிறது. குறைந்த நொதி என்றால் இலைக்குக் குறைந்த தழைச்சத்து. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரித் தினைக்கும் சாமைக்கும் பரிந்துரைப்பது ஹெக்டேருக்கு 44 கிலோ தழைச்சத்துதான். நெல்லுக்கு 150. இதை வைத்துச் சி4 என்றாலே சிக்கனம் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. அதே ஜெர்மன் ஆய்வில் சி4 வகையான தண்டுக்கீரை, ஒரு கிலோ நைட்ரஜனுக்கு 14, 15 கிலோ தானியம்தான் கொடுத்துக் கினோவாவிடம் தோற்றது. குளிர்நாட்டில் அதன் இலைச் சாமர்த்தியம் எடுபடவில்லை. தண்டும் தழையுமாக வளர்ந்து கதிருக்குக் குறைவாகவே அனுப்பியது. இலையில் மிச்சம் பிடித்தது எல்லாம் கதிருக்கு வந்துசேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் நம்முடைய வெயிலில், நம்முடைய மானாவாரி நிலத்தில், தினையின் பக்கம் நிற்பதற்கு உடலியல் காரணம் இருக்கிறது. தரமணியில் 1988-இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கப் பல்லாண்டு உழைத்ததைப் பழம்பெருமைப் பற்று என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

தழைச்சத்துதான் மகசூல் என்றால் மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட வேண்டியதுதானே? வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் நீங்கலாக 45 கிலோ யூரியா மூட்டைக்கு அரசு வைத்திருக்கும் விலை 242 ரூபாய். அந்த விலையில் அதிகம் போட ஆசை வருவது இயல்பு. ஆனால் போட்டதெல்லாம் செடிக்குப் போவதில்லை. நெல் வயல்களில் போட்ட தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம் மட்டுமே. மிச்சம் அம்மோனியாவாக ஆவியாகிறது, நைட்ரேட்டாகக் கிணற்று நீரில் இறங்குகிறது, நைட்ரஸ் ஆக்சைடாக வானுக்குப் போய்ப் பூமியைச் சூடாக்குகிறது. 2015 முதல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயமானது இந்த விரயத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தத்தான். கினோவாவுக்குத் தனிப்பட்ட தொல்லைகளும் உண்டு. அளவு மீறினால் செடி உயரமாகி, கனத்த கதிரோடு சாய்கிறது. பச்சை மாறாமல் நின்று முற்றுவது தள்ளிப்போகிறது. கீரையாகப் பறித்தால் இலையில் நைட்ரேட் சேர்ந்திருக்கும். ஃபைசலாபாத் சோதனை 75 கிலோவில் நின்றதும் டென்மார்க் சோதனை 160 வரை ஏறியதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நீண்ட, குளிர்ந்த பருவத்தில் செடிக்கு உரத்தைத் தானியமாக்க நேரம் இருக்கிறது. குறுகிய, சூடான பருவத்தில் அந்த நேரம் இல்லை.

இயற்கை வேளாண்மை நண்பர்கள் வேறொரு ஆட்சேபம் சொல்வார்கள்: உயிருள்ள மண் தானே தழைச்சத்தைத் தரும், அசோஸ்பைரில்லம் போட்டால் போதும், மூட்டைக் கணக்கே தேவையில்லை. மண்ணின் உயிர்ப்பு பற்றி அவர்கள் சொல்வது சரி. ஆனால் அசோஸ்பைரில்லம் தருவது பயிரின் தேவையில் ஒரு பகுதியை, முழுவதையும் அல்ல. தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவில்தான் இருக்கிறது. ஒரு டன் கினோவா உறிஞ்சும் 45 கிலோவுக்கு ஒன்பது டன் தொழு உரம் வேண்டும். அதிலும் முதல் ஆண்டில் பயிருக்குக் கிட்டுவது ஒரு பங்குதான். ஆர்கானிக் முத்திரையோடு அடையாறில் விற்கும் கினோவா உண்மையாகவே ஆர்கானிக் என்றால், அதன் பின்னால் இவ்வளவு சாணமோ அதற்கீடான பசுந்தாள் உரமோ நிற்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு நாடே இறங்கினால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2021 ஏப்ரலில் இரசாயன உரத்துக்குத் தடை அறிவித்து, நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்து அரிசி இறக்குமதிக்கு ஓட வேண்டியதாயிற்று. இயற்கை உரம் என்ற எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஏழு மாதத்தில் அவ்வளவு தழைச்சத்தை எந்த மாட்டுத் தொழுவமும் தந்திருக்க முடியாது.

புரதம்தான் நகரத்துக்கு வேண்டுமென்றால், தன் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் பயிர்கள் நம்மிடமே இருக்கின்றன. உளுந்தில் புரதம் 23, 24 சதவீதம். கினோவாவில் லைசின் நன்றாக இருக்கிறது, எல்லா அமினோ அமிலமும் ஒன்றாகக் கிடைக்கிறது என்பது உண்மைதான். அரிசியில் குறையும் லைசினைப் பயறும், பயறில் குறையும் கந்தக அமினோ அமிலத்தை அரிசியும் ஈடுசெய்வதால் வெண்பொங்கலும் இட்லியும் அதே வேலையைச் செய்துவிடுகின்றன. பயறுக்கும் ஒரு விலை உண்டு. பாக்டீரியாவுக்குச் செடி தன் மாவுச்சத்தைக் கூலியாகக் கொடுக்கிறது. உளுந்து ஏக்கருக்கு நெல்போல விளையாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தக் கூலி வெயிலிலிருந்து வருகிறது, உரத் தொழிற்சாலையின் இயற்கை எரிவாயுவிலிருந்து வரவில்லை.

ஆகவே தமிழ்நாட்டில் கினோவா விளையவே கூடாது என்பது என் வாதம் அல்ல. உவர் தட்டிய நிலத்துக்கும் தண்ணீர் குறைந்த பின்பருவத்துக்கும் இது ஒரு வழியாக இருக்கலாம். ஆனால் குறைந்தபட்ச ஆதரவு விலை இல்லாத பயிர் இது. உரச் செலவே இல்லை என்று நம்பி இறங்குபவர் முதல் போகத்திலேயே ஏமாறுவார். மண் பரிசோதனை செய்து, உளுந்துக்கோ தக்கைப்பூண்டுக்கோ பின்னால் விதைப்பது நல்லது. தக்கைப்பூண்டை மடக்கி உழுதாலே ஹெக்டேருக்கு 60 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்து சேரும். மிச்சத்தை அடியுரமாக ஒரு பங்கு, பூமொட்டு வருமுன் மேலுரமாக ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுக்கலாம். விதைப்பைக் கார்த்திகை, மார்கழியைத் தாண்டவிடக் கூடாது. பூக்கும்போது வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிப்பது குறைந்துவிடும். அப்போது போட்ட தழைச்சத்து கதிருக்கு ஏறாமல் தண்டிலும் இலையிலுமே தங்கிவிடும்.